டெலிவரி வண்டியிலேயே பிக்கப்பையும் சேர்க்கலாமா? வழித்தடத்தை எப்படி அமைப்பது?

கேள்வி: ஹப் ஒருங்கிணைப்பாளர்

வணக்கம். இணையத்தில் விற்பனையாகும் பொருள்களை வீடுகளுக்குக் கொண்டு சேர்க்கும் ஒரு ஹப்பில் (பார்சல்கள் வந்து சேர்ந்து பிரிந்து செல்லும் மையத்தில்) அன்றாட வண்டி ஒதுக்கீட்டையும் வழித்தடத் திட்டத்தையும் நான் கவனித்து வருகிறேன். எங்கள் வேலை இப்போது இரண்டாகப் பிரிந்து நடக்கிறது. காலையில் ஒரு குழு டெலிவரிக்குப் புறப்படுகிறது. விற்பனையாளர்களிடமிருந்து புதிய பார்சல்களையும், வாடிக்கையாளர்கள் திருப்பித் தரும் ரிட்டர்ன் பொருள்களையும் எடுத்து வரப் பிற்பகலில் வேறொரு குழு புறப்படுகிறது. காலையில் ஒரு வண்டி நின்ற தெருவிலேயே மாலையில் இன்னொரு வண்டி நிற்பதை வரைபடத்தில் பார்க்கும்போதெல்லாம், இரண்டையும் ஒன்றாக்கினால் என்ன என்று தோன்றுகிறது.

தயக்கத்துக்கும் காரணம் உண்டு. டெலிவரிப் பார்சல்களால் நிரம்பிப் புறப்படும் வேனில் வழியில் எடுப்பவற்றை எங்கே வைப்பது என்பது தெளிவாகவில்லை. விற்பனையாளர்களிடம் எடுப்பவை மாலையில் புறப்படும் நெடுந்தூர லாரிக்கு முன் ஹப்புக்கு வந்து ஊர் வாரியாகப் பிரிக்கப்பட்டாக வேண்டும். வழியில் சில வீடுகளில் தாமதமானால் அந்த லாரி போய்விடும். இவற்றைவிட என்னை அதிகம் யோசிக்க வைப்பது, மென்பொருள் தரும் வரிசையைப் பல ஓட்டுநர்கள் பின்பற்றுவதில்லை என்பதுதான். கிலோமீட்டர் குறைவாகக் காட்டினாலும், "ஒரே தெருவை இரண்டு துண்டாக்கித் தந்திருக்கிறது" என்று சொல்லித் தங்கள் வழக்கமான வரிசையிலேயே அவர்கள் போகிறார்கள்.

ஒன்றாக்குவதால் எவ்வளவு மிச்சமாகும் என்று முன்கூட்டியே மதிப்பிட வழி உண்டா? எந்தப் பிக்கப்பைச் சேர்ப்பது, எதைத் தனியே விடுவது? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: கணக்கீட்டாளர்

மதிப்பிட வழி உண்டு. அதற்கு மென்பொருள்கூடத் தேவையில்லை. ஒரு பரப்பில் பரவலாக அமைந்த பல இடங்களையும் தொட்டுவரும் மிகக் குறுகிய சுற்றின் நீளம், இடங்களின் எண்ணிக்கையையும் பரப்பளவையும் பெருக்கினால் கிடைப்பதன் வர்க்கமூலத்தை ஒட்டியே வளரும் என்பதை பியர்ட்வுட், ஹால்டன், ஹேமர்ஸ்லி ஆகிய மூவரும் 1959இல் நிறுவினார்கள். நேர்கோட்டுத் தூரத்தில் அதன் பெருக்கு எண் ஏறத்தாழ 0.7124. சாலைத் தூரத்தில் அது கூடும். ஆனால் ஒரே பகுதிக்கான இரண்டு ஏற்பாடுகளை ஒப்பிட அந்த எண் வேண்டியதில்லை, வர்க்கமூலம் மட்டும் போதும்.

ஒரு பகுதியில் ஒரு நாளைக்கு 100 டெலிவரியும் 25 பிக்கப்பும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தனித்தனியே சென்றால் 100இன் வர்க்கமூலம் 10, 25இன் வர்க்கமூலம் 5, ஆக மொத்தம் 15 பங்கு தூரம். ஒன்றாகச் சென்றால் 125இன் வர்க்கமூலமான 11.18 பங்குதான். நிறுத்தங்களுக்கு இடையே ஓடும் தூரத்தில் ஏறத்தாழ கால்வாசி குறைகிறது. இதோடு, ஹப்பிலிருந்து அந்தப் பகுதிக்குப் போய்த் திரும்பும் ஓட்டமும் ஒன்று மிச்சமாகலாம். ஹப் ஊருக்கு வெளியே தொலைவில் இருந்தால் அதுவே பெரிய மிச்சமாக அமையும்.

ஆனால் இந்தக் கால்வாசியை அப்படியே மேலிடத்தில் உறுதியாகச் சொல்லிவிடாதீர்கள். ஒரு பங்கு தூரத்துக்கு 10 நிமிடம் என்றும், ஒரு நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தி, பார்சலைத் தேடி எடுத்து, கதவுவரை சென்று, கொடுத்துத் திரும்ப 3 நிமிடம் என்றும் கொள்ளுங்கள். தனித்தனியே சென்றால் ஓட்டத்துக்கு 150 நிமிடம், நிறுத்தங்களுக்கு 375 நிமிடம், மொத்தம் 525. ஒன்றாக்கினால் ஓட்டம் 112 நிமிடமாகக் குறையும், நிறுத்தங்களின் 375 அப்படியே இருக்கும், மொத்தம் 487. மொத்த வேலை நேரத்தில் குறைவது 7 சதவீதம்தான். எரிபொருளில் கால்வாசியும் ஆள் நேரத்தில் அதைவிட மிகக் குறைவாகவும் மிச்சமாகும் என்று இரண்டையும் பிரித்துச் சொல்வதே நேர்மையான மதிப்பீடு.

இதே வர்க்கமூலக் கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. அந்த 100 டெலிவரியையும் நாளைக்கு நான்கு நேர ஸ்லாட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 25 வீடுகள் என்று வாக்குக் கொடுத்தால், ஒவ்வொரு ஸ்லாட்டிலும் 5 பங்கு, ஆக 20 பங்கு தூரம். வண்டிகள் ஓடும் தூரம் இரட்டிப்பாகிவிடுகிறது! எந்த மென்பொருளும் இந்த இழப்பை மீட்டுத் தர முடியாது. வழித்தடத்தைத் திட்டமிடுபவரின் கைக்கு வருவதற்கு முன்பே, விற்பனைப் பக்கத்தில் என்ன வாக்குறுதி தரப்படுகிறது என்பதில்தான் செலவின் பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது என்பது என் உறுதியான கருத்து.

எதைச் சேர்ப்பது என்பதற்கும் விடை அங்கேயே இருக்கிறது. வாடிக்கையாளரின் ரிட்டர்ன் பார்சல் சிறியது. வீடுகளுக்கு நடுவே பரவலாகக் கிடப்பது. பெரும்பாலும் இன்று இல்லாவிட்டால் நாளை எடுக்கலாம். அதை டெலிவரி வண்டியில் சேர்ப்பதுதான் இயல்பு. விற்பனையாளரிடம் எடுப்பது ஒரே இடத்தில் பல பார்சல், அதோடு மாலை லாரி என்ற கட்-ஆஃப் நேரமும் கூடவே வருகிறது. அதைச் சேர்ப்பதால் மிச்சமாகும் தூரம் சொற்பம், ஏற்படும் ஆபத்து பெரிது. அதற்குத் தனி வண்டியே இருக்கட்டும்.

பதில்: நிரலாளர்

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். வண்டியின் கொள்ளளவு பற்றிய ஐயத்துக்கு மட்டும் விரிவாக விடை சொல்கிறேன்.

வண்டிகளுக்கு வழித்தடம் வகுக்கும் கணக்கை முதலில் எழுதியவர்கள் டான்சிக்கும் ராம்சரும். 1959இல் வெளியான அந்தக் கட்டுரை பெட்ரோல் நிலையங்களுக்கு எரிபொருள் கொண்டு செல்லும் லாரிகளைப் பற்றியது. 1964இல் கிளார்க், ரைட் இருவரும் தந்த சேமிப்பு முறை (இரண்டு சுற்றுகளை ஒன்றாக்கினால் எவ்வளவு தூரம் மிச்சமாகும் என்று பார்த்து இணைத்துக்கொண்டே போவது) இன்றும் பல மென்பொருள்களில் தொடக்கத் தீர்வாக இருக்கிறது. அவற்றிலெல்லாம் வண்டியின் சுமை ஒரே திசையில்தான் மாறும்: போகப் போகக் குறையும். ஆகவே புறப்படும்போது கொள்ளளவுக்குள் இருந்தால் போதும். டெலிவரியும் பிக்கப்பும் கலந்துவிட்டால் அந்த எளிமை போய்விடுகிறது.

100 கிரேட் (பார்சல் அடுக்கும் பெட்டி) கொள்ளும் வேன் ஒன்று 90 கிரேட் டெலிவரியோடு புறப்படுகிறது என்றும், வழியில் மொத்தம் 60 கிரேட் எடுக்க வேண்டும் என்றும் கொள்வோம். புறப்படும்போது 90, திரும்பும்போது 60. இரண்டும் 100க்குள் இருப்பதால் சரியென்றே தோன்றும். ஆனால் முதல் சில நிறுத்தங்களில் 10 கிரேட் மட்டுமே இறக்கி 30 கிரேட் ஏற்றினால், அந்த இடத்தில் 110 ஆகிவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு நிறுத்தத்திலும் 'இன்னும் கொடுக்க வேண்டியவை' என்ற தொகையையும் 'இதுவரை எடுத்தவை' என்ற தொகையையும் கூட்டிச் சரிபார்க்க வேண்டும். டெலிவரி எல்லாம் முடிந்த பிறகே பிக்கப் என்று விதி வைப்பது இதிலிருந்து தப்பிக்கும் பழைய வழி. பெரிய லாரிகளுக்கு அது பொருந்தும். வீட்டு ரிட்டர்ன்களுக்கு அந்த விதியைப் போட்டால், விட்டு வந்த தெருவுக்கே வண்டி திரும்ப வேண்டியிருப்பதால் ஒன்றாக்கியதன் பயன் பெரும்பாலும் கரைந்துவிடும். இடைப்பட்ட விதி ஒன்று நடைமுறையில் நன்றாக வேலை செய்கிறது: வண்டியில் ஒரு குறிப்பிட்ட பங்கு, உதாரணமாகக் கால்வாசி, காலியான பிறகே பிக்கப் தொடங்கலாம் என்பது.

ஓஆர்-டூல்ஸ் போன்ற நிரல் தொகுப்பைப் பயன்படுத்துபவர்கள் ஓர் இடத்தில் விழிப்பாக இருக்க வேண்டும். டெலிவரியைக் கழித்தலாகவும் பிக்கப்பைக் கூட்டலாகவும் எழுதி, ஒரே சுமைக் கணக்கில் விட்டுவிட்டால், ஒரு வீட்டில் எடுத்த ரிட்டர்ன் பொருளையே அடுத்த வீட்டுக்கு டெலிவரியாகக் கொடுத்துவிடலாம் என்று நிரல் எடுத்துக்கொள்ளும். புறப்படும்போது இருக்க வேண்டிய சுமையைக் குறைத்துக் காட்டும். காகிதத்தில் மிக அழகான வழித்தடம் வரும். காலையில் வேனில் பார்சல்கள் அடங்காது. டெலிவரிக்கு ஒரு கணக்கு, பிக்கப்புக்கு ஒரு கணக்கு என்று இரண்டாக வைத்து, இரண்டின் கூட்டுத்தொகை எங்கும் கொள்ளளவைத் தாண்டக்கூடாது என்று நிபந்தனை போடுங்கள்.

எண்ணிக்கையில் அடங்கினாலும், எடுத்த ரிட்டர்ன் மூட்டை கதவருகே கிடந்து உள்ளே இருக்கும் டெலிவரியை மறைத்தால், ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறக்கி ஏற்ற வேண்டிவரும். அதைக் கணக்கில் தீர்ப்பதைவிட, வேனில் ஒரு பக்க அலமாரியை ரிட்டர்னுக்கென்று ஒதுக்கி, அந்த அளவைக் கொள்ளளவிலிருந்து முன்னரே கழித்துவிடுவது எளிது.

விற்பனையாளரிடம் எடுத்து, ஹப்புக்கு வராமல், அதே நாளில் நேராக வாடிக்கையாளரிடம் கொடுக்கும் ஆர்டர்கள் உங்களிடம் இருந்தால் அவற்றை இந்தக் கணக்கில் கலக்காதீர்கள். அங்கே ஒவ்வோர் ஆர்டரும் ஓர் இணை: எடுத்த வண்டிதான் கொடுக்க வேண்டும், எடுத்த பிறகுதான் கொடுக்க வேண்டும். ஒரே வண்டிக்கு இத்தகைய 5 ஆர்டர்கள் இருந்தால் 1,13,400 வரிசைகள் சாத்தியம். 10 ஆர்டர்களானால் அது ஏறத்தாழ 2,376 லட்சம் கோடியாகிறது. எல்லாவற்றையும் சோதித்துப் பார்ப்பது இயலாது என்பதால், கையிலுள்ள நல்ல திட்டத்திலிருந்து சில ஆர்டர்களைப் பிடுங்கி எடுத்து, வேறு இடங்களில் செருகிப் பார்த்து, மேம்பட்டால் ஏற்றுக்கொள்ளும் முறையைக் கையாள்கிறார்கள். ரோப்கே, பிசிங்கர் இருவரும் 2006இல் வெளியிட்ட முறை இவ்வகையில் மிகவும் பயன்பாட்டில் உள்ளது; எந்த விதத்தில் பிடுங்கினால் பலன் கிடைக்கிறது என்பதை அது ஓட ஓடத் தானே கற்றுக்கொள்கிறது.

பதில்: களப் பயிற்சியாளர்

புதிய ஓட்டுநர்களுக்குப் பயிற்சி அளிப்பது என் பணி. ஓட்டுநர்கள் வரிசையை மாற்றுவதை ஒழுங்கு மீறலாகப் பார்க்க வேண்டாம் என்பதே நான் முதலில் சொல்ல விரும்புவது. பெரும்பாலான நேரங்களில் அது வரைபடத்தில் இல்லாத தகவல்.

2021இல் அமேசான் நிறுவனமும் அமெரிக்கப் பல்கலைக்கழகமான எம்.ஐ.டி.யின் போக்குவரத்து, லாஜிஸ்டிக்ஸ் ஆய்வு மையமும் சேர்ந்து ஒரு போட்டி நடத்தின. அமெரிக்காவின் ஐந்து பெருநகரப் பகுதிகளில் உண்மையில் ஓடிய ஆயிரக்கணக்கான வழித்தடங்களின் தரவு அதில் வழங்கப்பட்டது. கேட்கப்பட்டது மிகக் குறுகிய பாதை அன்று; அனுபவமுள்ள ஓட்டுநர் எந்த வரிசையில் போவார் என்பதை முன்கூட்டிச் சொல்வது. முதலிடம் பெற்ற குக், ஹெல்ட், ஹெல்ஸ்கான் ஆகியோர் குறுகிய பாதை காணும் கணக்கில் பெயர் பெற்றவர்கள். அவர்களே, நிறுத்தங்களைச் சிறு மண்டலங்களாகப் பார்த்து, ஒரு மண்டலத்தை முடித்த பிறகே அடுத்ததற்குப் போவது, எந்த மண்டலத்துக்குப் பின் எது என்பது போன்ற ஓட்டுநர்களின் வழக்கங்களைப் பழைய தரவிலிருந்து எடுத்து நிபந்தனைகளாக்கித்தான் வென்றார்கள். "தெருவை இரண்டு துண்டாக்குகிறது" என்று உங்கள் ஓட்டுநர்கள் சொல்வது இதைத்தான். மென்பொருள் சில நூறு மீட்டர்களை மிச்சப்படுத்துகிறது; ஆனால் ஓட்டுநர் அந்தத் தெருவில் மறுபடியும் வண்டி நிறுத்த இடம் தேட வேண்டும், பார்சல்களை மறுபடியும் கலைத்துத் தேட வேண்டும்.

பார்சல் டெலிவரி செய்யும் யூபிஎஸ் நிறுவனத்தின் ஓரியன் என்ற வழித்தட மென்பொருள் திட்டத்தையும் பாருங்கள். அமெரிக்காவில் 2016 வாக்கில் முழுமையாக நடைமுறைக்கு வந்த அது ஆண்டுக்கு 10 கோடி மைல் மிச்சப்படுத்துவதாக அந்நிறுவனம் சொல்கிறது. அந்த இடத்துக்கு வந்து சேரப் பல ஆண்டுகள் பிடித்தன. பொதுவான வரைபடங்களைத் திருத்தி, வண்டி உண்மையில் நிற்கும் இடம் எது, நுழையும் வழி எது என்று சேர்த்தார்கள். தூரம் சற்றுக் கூடினாலும் வழித்தடம் நாளுக்கு நாள் தலைகீழாக மாறாமல் இருப்பதற்கும் இடம் கொடுத்தார்கள்.

ரிட்டர்னைச் சேர்க்கும்போது உங்கள் கணக்கு தடுமாறப்போவது நிறுத்த நேரத்தில்தான். டெலிவரியில் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். ரிட்டர்னிலோ, பொருள் அதுதானா என்று பார்க்க வேண்டும், உடைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், சில நேரம் பெட்டியில் வைத்து ஒட்டி லேபிள் இட வேண்டும், ஓடிபி கேட்க வேண்டும். வாடிக்கையாளர் பொருளை எடுத்து வைக்காமலே இருப்பதும் உண்டு. மேலே கணக்கீட்டாளர் எல்லாவற்றுக்கும் 3 நிமிடம் என்று வைத்தது விளக்கத்துக்குச் சரி, திட்டத்துக்குப் போதாது. டெலிவரி, ரிட்டர்ன் இரண்டுக்கும் தனித்தனியே, தனி வீடு, அடுக்குமாடி, அலுவலகம் என்று இட வகைக்கும் தனித்தனியே, ஜிபிஎஸ் பதிவிலிருந்தும் ஸ்கேன் நேரத்திலிருந்தும் உங்கள் ஹப்பின் எண்களையே எடுங்கள். சராசரியை மட்டும் எடுக்காமல் எவ்வளவு ஏற்ற இறக்கம் இருக்கிறது என்பதையும் பாருங்கள். கட்-ஆஃப் நேரத்தைத் தவறவிடச் செய்வது சராசரி அன்று, அந்த ஏற்ற இறக்கமே.

ஓட்டுநர்கள் வரிசையை மாற்றிய இடங்களைப் பதிவு செய்து, ஒரே இடத்தில் பலரும் மாற்றினால் காரணத்தைக் கேளுங்கள். பாதி நேரம், வரைபடத்தில் வாசல் தவறான பக்கத்தில் குறிக்கப்பட்டிருப்பதுதான் விடையாக இருக்கும். அதைத் திருத்தினால், அடுத்த முறை மென்பொருளும் ஓட்டுநரும் ஒரே வரிசையைத் தருவார்கள்.

கேள்வி கேட்டவரின் தொடர்ச்சி: ஹப் ஒருங்கிணைப்பாளர்

மூவருக்கும் நன்றி. ரிட்டர்னை மட்டும் சேர்த்து, விற்பனையாளர் பிக்கப்பைத் தனி வண்டியில் விடுவது என்று தெளிவாகிறது. நேரடி ஆர்டர்கள் எங்களிடம் இல்லை. ஒன்று மட்டும் மீதம்: ரிட்டர்ன் கோரிக்கைகளில் கணிசமானவை வண்டிகள் புறப்பட்ட பிறகே வருகின்றன. அவற்றை ஓடிக்கொண்டிருக்கும் வழித்தடத்தில் நுழைப்பதா, மறுநாளுக்கு விடுவதா?

பதில்: கணக்கீட்டாளர்

பெரும்பாலானவற்றை மறுநாளுக்கு விடுங்கள் என்றே சொல்வேன். இன்னும் சரியாகச் சொன்னால், அந்தத் தெருவுக்கு எப்படியும் ஒரு வண்டி போகும் நாளுக்கு விடுங்கள்.

இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே ஒரு புதிய வீட்டைச் செருகினால் கூடும் தூரம் எளிதில் கணக்கிடக்கூடியது: முதல் நிறுத்தத்திலிருந்து அந்த வீட்டுக்கு உள்ள தூரத்தோடு அங்கிருந்து அடுத்த நிறுத்தத்துக்கு உள்ளதைக் கூட்டி, இரு நிறுத்தங்களுக்கும் இடையே ஏற்கெனவே ஓட வேண்டியிருந்த தூரத்தைக் கழிக்க வேண்டும். ஒரு ரிட்டர்ன் கோரிக்கை வரும்போது இதை இன்றைக்கு மட்டும் பார்க்காமல், எடுக்க அனுமதிக்கப்பட்ட எல்லா நாள்களுக்கும் பாருங்கள். ஏற்கெனவே பதிவான டெலிவரிகளை வைத்து, எந்த நாளில் இந்தக் கூடுதல் மிகக் குறைவோ அந்த நாளையே வாடிக்கையாளருக்கு முதல் தேர்வாகக் காட்டுங்கள். அவர் வேறு நாள் கேட்டால் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் முதலில் காட்டுவதைப் பலர் ஏற்றுக்கொள்வார்கள். மூன்று நாள் அவகாசம் உள்ள ஒரு கோரிக்கைக்கு மூன்று நாள்களின் வழித்தடங்கள் போட்டியிடுவதால், நாளைத் தேர்வு செய்யும் இந்தச் சிறு மாற்றம், அன்றைய வரிசையை எவ்வளவு திறமையாகச் சீரமைத்தாலும் கிடைக்காத மிச்சத்தைத் தரும். அதே வீட்டுக்கு அந்த நாள்களில் ஒரு டெலிவரியும் இருந்தால் கூடுதல் தூரம் சுழியம். அத்தகைய பொருத்தங்களை மென்பொருள் தானாகவே தேட வேண்டும்.

இன்றே எடுத்தாக வேண்டிய சில இருக்கும். அவற்றுக்கு இரண்டு நிபந்தனைகள் வையுங்கள். ஓட்டுநரின் அடுத்த சில நிறுத்தங்களைத் தொடக்கூடாது. அவர் பார்சல்களை ஏற்கெனவே எடுத்து அடுக்கியிருப்பார், அதைக் கலைத்தால் மிச்சம் போய்விடும். மீதமுள்ள ஒவ்வொரு நிறுத்தத்திலும், வாக்குக் கொடுத்த நேரம் மீறப்படாமல் எத்தனை நிமிடம் தள்ளிப்போகலாம் என்ற எண்ணைப் பின்னாலிருந்து முன்னாகக் கணக்கிட்டு வைத்துக்கொண்டால், ஒரு செருகல் தகுமா என்பதற்கு உடனே விடை கிடைக்கும். அந்த எண்ணில் அடங்காத கோரிக்கையை ஏற்க வேண்டாம்.

பதில்: களப் பயிற்சியாளர்

முழு ஹப்பிலும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். வீடுகள் நெருக்கமான ஒரு பகுதியிலும் பரவலான ஒரு பகுதியிலும் முதலில் தொடங்கி, சில வாரங்கள் புதிய முறை, சில வாரங்கள் பழைய முறை என்று மாற்றி மாற்றி ஓட்டி, அதே கிழமைகளை ஒப்பிடுங்கள். விற்பனை விழாக் காலத்தைத் தவிர்த்துவிடுங்கள், அப்போது எந்த ஒப்பீடும் பொருந்தாது.

கிலோமீட்டரை மட்டும் அளக்க வேண்டாம். முடிந்த ஒரு பணிக்கு எத்தனை நிமிடம், முதல் முயற்சியிலேயே முடிந்த டெலிவரி எத்தனை சதவீதம், போய்ப் பார்த்தும் எடுக்க முடியாமல் திரும்பிய ரிட்டர்ன் எத்தனை என்பவற்றையும் சேர்த்துப் பாருங்கள். கடைசியாகச் சொன்னது கூடினால், வழித்தடத்தில் கை வைக்காமல், வண்டி வருவதற்கு முன் வாடிக்கையாளருக்குப் போகும் குறுஞ்செய்தியின் நேரத்தை மாற்றிப் பாருங்கள். காலையிலேயே அனுப்பியதை, அந்த வீட்டுக்கு முன் நாலைந்து நிறுத்தங்கள் மீதமிருக்கும்போது அனுப்பும்படி அமைத்தால், பொருளை எடுத்து வைத்துக் காத்திருப்பவர்கள் கூடுவார்கள். ஓட்டுநர்களின் ஊக்கத்தொகை டெலிவரி எண்ணிக்கையை மட்டும் வைத்துக் கணக்கிடப்படுகிறதா என்பதையும் தொடங்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். அப்படியானால், நேரம் அதிகம் பிடிக்கும் ரிட்டர்னை எடுப்பதற்கும் அவர்களுக்கு உரிய தொகை கிடைக்கும்படி முதலில் மாற்றிவிட்டு, அதன் பிறகு வழித்தடங்களை ஒன்றாக்குங்கள்.